ஒரே வீட்டுப் பல்

எங்கள் அப்பா வழிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பல். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு நெல் நுழைகிற சந்து இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பற்களில் குழி ஆழம், எதைத் தின்றாலும் சிக்கிக்கொள்ளும். கல்யாண வீடியோவில் யார் சிரித்தாலும், எங்கள் வகையறா யார், சம்பந்தி வீட்டார் யார் என்று பிரித்துச் சொல்லிவிடலாம். எனக்கும் என் பெரியப்பா மகளுக்கும் அந்தப் பல் அச்சு மாறாமல் வந்திருந்தது. அவள் என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டால், "என்னையக் கெழவியாக்காத" என்று முதுகில் ஒன்று வைப்பாள்.

உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு. மானாவாரி நிலம் பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் சரிசமமாகத்தான் பிரிந்தது. ஆனால் அப்பாவுக்கு அதற்கு மேல் அரசுப் பேருந்தில் கண்டக்டர் வேலை கிடைத்தது. பெரியப்பாவுக்கு மழை மட்டும்தான். அந்த ஒரு வேலையை வைத்து நான் வேதியியல் எம்.எஸ்ஸி. முடித்தேன், மதுரை செல்லூரில் வாக்கப்பட்டேன், தனியார் பள்ளி ஒன்றில் டீச்சராகவும் ஆனேன். அவள் பத்தாவதோடு நின்றாள். உள்ளூரிலேயே லோடு வண்டி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு, களையெடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போனாள். போன வருடம் நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உண்டானோம். எனக்கு முதல் பிள்ளை, அவளுக்கு இரண்டாவது. அவளுடைய மூத்த மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்த பிள்ளை. அந்தக் குழந்தையின் விரல்களை அன்று பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தீக்குச்சி அளவுகூட இல்லை.

நாலாம் மாதம் எனக்குப் பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. உடம்பிலிருந்து எந்த ரத்தம் போனாலும் பிள்ளைக்கு ஆகாது என்று நானே முடிவு செய்துகொண்டு, அந்தப் பக்கம் துலக்குவதை விட்டுவிட்டேன். இப்படி ஒரு யோசனையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு மாதத்தில் இடது கடைவாய்ப் பல்லின் வலி தலைவரைக்கும் தெறித்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த மகப்பேறு டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சாதாரணமாக, "மேல் மாடியில பல் டாக்டர் இருக்காங்க, போய்ட்டு வந்துருங்க" என்றார்.

அங்கே வயிற்றின் மேல் கனமான ஈயக் கவசம் ஒன்றைப் போர்த்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் பிள்ளையை என்ன செய்யுமோ என்று நான் பதறிக்கொண்டிருந்தபோது திரையில் என் பல் வந்தது. பல் என்றால் வெளியே தெரிகிற வெள்ளைதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதன் முக்கால் பங்கு உள்ளே இருந்தது. எலும்புக்குள் இரண்டு கால்களையும் ஊன்றி நின்றிருந்தது. பின்னங்கால் மட்டும் நுனியில் லேசாக வளைந்து, கல்லைக் கண்டு ஒதுங்கிப் போன கடலைச் செடியின் வேர் மாதிரி இருந்தது. பயத்தை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடம் என் வாய்க்குள் இப்படி ஒன்று நின்றிருக்கிறது!

வேர் சிகிச்சை செய்தார்கள். திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது. எப்படிப் போவது, அன்றைக்கு யார் சமைப்பது, வேலை என்னாவது என்று எனக்கு ஒரு தடவைகூடக் கவலை வரவில்லை. கணவர் லீவு போட்டுக் கூட வந்தார். கடைசியில் பல்லுக்கு ஒரு தொப்பி போட்டு அனுப்பினார்கள். பல் பிழைத்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலமே அவள் பார்க்க வந்தாள். ஆனால் உள்ளே வராமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"என்னத்தா, புதுப்பொண்ணு மாதிரி மூடிக்கிட்டு நிக்கிற? உள்ள வா" என்றாள் அம்மா.

"வேணாம் சித்தி, பேசுனா நாறும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்று, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இழுத்துவந்து உட்கார வைத்துப் பார்த்தேன். இடது கன்னம் புடைத்திருந்தது. கடைவாயில், எனக்கு வலித்த அதே இடத்தில், அதே பல். பல் என்று சொல்வதற்கு ஓரத்தில் ஒரு சுவர்தான் மிச்சம். நடுவில் கரும்பள்ளம். அதற்குள் புகையிலையை அடைத்து வைத்திருந்தாள்.

"பூச்சியெல்லாம் எடுத்தாச்சுடி. சந்தையில ஒரு அம்மா இருக்கு. சூட்டுக்கல்லு மேல வெதையப் போட்டு, குழாய் வழியா வாய்க்குள்ள புகை காட்டுச்சு. தட்டுத் தண்ணியில அம்புட்டுப் பூச்சி! வெள்ளை வெள்ளையா மெதந்துச்சு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அது பூச்சியா இருக்காதுடி. கண்டங்கத்திரி விதை சூட்டுல வெடிக்கும்ல, அந்த முளை தண்ணியில விழுந்து அப்படித் தெரியுது போல."

"டீச்சரம்மா வந்துட்டாக" என்றாள், அம்மாவைப் பார்த்து. "அது ஒனக்கு வெதை, எனக்குப் பூச்சி. ரெண்டு நாளு நிம்மதியாத் தூங்குனேன்ல? ஒன் படிப்பு தூங்க வைக்குமா?"

இரண்டு நாள் தூக்கம் என்பது அவள் இருந்த நிலையில் சின்ன விஷயமில்லை என்று கன்னத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவள் போகாமல் இல்லை. பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். அடங்கியது, பிறகு மறுபடி கிளம்பியது. உசிலம்பட்டியில் பார்த்த பல் டாக்டர், அவள் வீக்கத்தையும் வயிற்றையும் மூத்த பிள்ளை பிறந்த கதையையும் கேட்டுவிட்டு, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடச் சொல்லியிருந்தார். அங்கே போனால் ஒரு நாள் போய்விடும். மறுபடி வரச் சொன்னால் இன்னொரு நாள். மூத்தவளைப் பார்த்துக்கொள்ளும் என் பெரியம்மாவுக்கும் அன்று கூலி போகும். இது போதாதென்று, வாயும் வயிறுமாக இருக்கிறவள் பல்லைப் பிடுங்கினால் பிள்ளை இறங்கிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் அதைப் பாதிதான் நம்பினாள். ஆனால் ஒரு பிள்ளை எட்டாம் மாதத்தில் இறங்கியதைப் பார்த்தவளுக்குப் பாதியே அதிகம்.

அந்த வாரக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. கஞ்சித் தண்ணீரை ஓரமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். "உள்ள இருக்கிறது மூணு நாளா மந்தமாக் கெடக்குடி" என்று என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் என் பிள்ளை என் விலாவில் ஓங்கி உதைத்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை மதுரைக்குப் போவோம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பிள்ளைத்தாச்சிகள் ஒரே வண்டியில் போகக் கூடாது. ஏழாம் மாதத்துக்கு மேல் ஆற்றைத் தாண்டக் கூடாது. பெரியாஸ்பத்திரியோ வைகைக்கு அக்கரையில் இருக்கிறது.

"சித்தி, அதுல தண்ணி என்னைக்கு வந்துச்சு? சீமக்கருவேலும் பன்னியும்தான் கெடக்கு. அது ஆறா? காஞ்ச ஓடை" என்றாள் அவள், வாயைத் திறக்காமலே.

கார் பிடிக்கலாம் என்று நான் சொன்னதற்கு, "எங்க வீட்டுக்காரரு வண்டி நிக்கிறப்ப நான் எதுக்கு அடுத்தவன் வண்டியில போறேன்?" என்று மறுத்துவிட்டாள். அவள் வீட்டுக்காரரின் குட்டியானை லோடு வண்டியில் முன்னால் நாங்கள் இருவரும் நெருக்கி உட்கார்ந்தோம். பின்னால் தேங்காய் மூட்டைகளின் மேல், வேப்பிலைக் கொத்தும் ஓர் இரும்புச் சாவியும் கையில் வைத்துக்கொண்டு, போகக் கூடாது என்று சொன்ன அம்மாவே ஏறி உட்கார்ந்தாள்.

"மச்சான், மேடு பள்ளம் பாத்து" என்று நான் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"கொழுந்தியா, முட்டை லோடு ஏத்துனப்பகூட நான் இம்புட்டு மெதுவா ஓட்டுனதில்ல" என்றார் அவர்.

பாலத்துக்கு வந்தபோதுதான் பார்த்தோம். அணையைத் திறந்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. செம்மண் நிறத் தண்ணீர், ஆகாயத்தாமரையைப் பாய் பாயாகச் சுருட்டிக்கொண்டு, பாலத்தின் கால்களில் மோதிச் சுழித்துப் போனது. செல்லூரில் வாழ்க்கைப்பட்டு இத்தனை காலத்தில் அந்த ஆற்றை நான் அப்படிப் பார்த்ததில்லை. பாலமெங்கும் ஜனங்கள் வண்டிகளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெரிசலில் எங்கள் வண்டியும் சரியாக நடுப் பாலத்தில் நின்றுபோனது. நான் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். காய்ச்சல் முகத்தோடு கண்ணாடிக்கு வெளியே குனிந்து, "ஆத்தாடி, எம்புட்டுத் தண்ணி!" என்றாள். அவளுக்குப் பயமே இல்லை. பயமெல்லாம் எனக்குத்தான். தாண்டாதே என்று ஆறே வந்து சொல்கிறதோ என்று ஒரு நொடி நினைத்தேன். எம்.எஸ்ஸி. படித்த மூளை அந்த ஒரு நொடி எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. தேங்காய் மூட்டை மேல் எழுந்து நின்று, ஆற்றைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்: "தாயி, ரெண்டு உசுரு, நாலு உசுராத் தாண்டுது. வைத்தியத்துக்குத்தான் போறோம். வழிய விடு." நடைபாதையில் நின்ற ஒருவர் கைகூப்பினார். நெரிசல் நகர்ந்தது.

பல் பிரிவில் கூட்டம் கதவுக்கு வெளியேயும் நின்றது. இத்தனை வலிகள் ஒரே வரிசையில் நிற்பதை நான் பார்த்ததே இல்லை. கட்டியிருந்த கன்னங்கள், பொத்திய கைகள், துண்டைக் கடித்துக்கொண்டிருந்த பெரியவர்கள். ஆனால் அவள் வயிற்றையும் வீக்கத்தையும் பார்த்ததும் வரிசை தானாக ஒதுங்கியது. புர்கா அணிந்த ஓர் அம்மா தன் முறையை விட்டுக்கொடுத்து, "நீ போம்மா, நான் நேத்துலருந்து பழகிட்டேன்" என்றார்.

இளம் பெண் டாக்டர். முகக்கவசத்துக்கு மேல் தூக்கமில்லாத கண்கள். முதலில் மகப்பேறு கட்டிடத்துக்கு அனுப்பி, பிள்ளையைப் பார்த்துவரச் சொன்னார். அங்கே வயிற்றில் கருவியை வைத்ததும் சத்தம் வந்தது. டக்கு டக்கு டக்கு என்று, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிற மாதிரி. மந்தமாகக் கிடக்கிறது என்று அவள் சொன்ன பிள்ளை உள்ளே அந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தனியார் ஆஸ்பத்திரியில் என் பிள்ளையின் இதயத்தை மாதாமாதம் நான் கேட்டிருக்கிறேன். நர்ஸ் எப்போது கருவியை எடுப்பார், அடுத்து என்ன சோதனை என்பதிலேயே மனம் இருக்கும். அன்று அவள் பிள்ளைக்காகத்தான் முதல் தடவையாகக் காதுகொடுத்துக் கேட்டேன் என்று தோன்றுகிறது.

திரும்பி வந்ததும் அவளே டாக்டரிடம் கேட்டாள். "மரத்துப் போற ஊசி பிள்ளைக்கு எறங்குமா?"

"அந்த இடத்துலயே நின்னுரும். இந்த ஊசியால பயமில்லை. உள்ள இருக்கிற சீழ்தான் பயம்."

"மூத்தது எட்டாம் மாசத்துல பெறந்துச்சு. அப்பவும் இந்தப் பல்லு வலிச்சுச்சு. அதுனாலயா?"

டாக்டர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார். பிறகு, "அதுனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. பல காரணம் இருக்கலாம். ஆனா வாயில இப்படிச் சீழ் வச்சுக்கிட்டு ஒடம்பு பிள்ளையையும் சொமக்குதுல்ல, அந்த ஒரு பாரத்தை இறக்கிடலாம்" என்றார்.

அந்தப் பதிலை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் மூத்த பிள்ளைக்காக வாழ்நாள் முழுக்கத் தன்னையே நொந்திருப்பாள். இல்லை என்று சொல்லியிருந்தால் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பாள்.

நான் இடையில் புகுந்தேன். "வேர் சிகிச்சை பண்ணிப் பல்லைக் காப்பாத்த முடியாதா டாக்டர்?"

"கஷ்டம். முயற்சி பண்ணிப் பாக்கலாம். முதல்ல சீழை வடிக்கணும், அப்புறம் நாலஞ்சு தடவை வரணும். அப்பவும் நிக்கும்னு உறுதி இல்லை."

"முயற்சி பண்ணலாம்டி" என்றேன் அவளிடம். "எனக்கு இதே பல்லுதான். காப்பாத்திட்டாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். "நாலஞ்சு தடவ ஆத்தத் தாண்டணுமா? சித்தி குட்டியானையிலயேதான் குடியிருக்கணும். எங்க வீட்டுக்காரரு எப்பத் தேங்காய் ஏத்துறது?" என்றுவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினாள். "புடுங்கிருங்கம்மா."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் சொல்வதற்கு முன்பே அது முடிவாகியிருந்தது. எங்கள் இருவரின் பற்களையும் பிரித்தது அந்த நாலஞ்சு தடவைதான். அது எனக்குச் சும்மா கிடைத்த நாட்கள்.

நாற்காலியில் சாய்த்ததும் டாக்டர் பச்சைத் துணி ஒன்றை மடித்து அவள் வலது இடுப்புக்குக் கீழே வைத்தார். மல்லாந்து படுத்தால் பிள்ளையின் கனம் பெரிய ரத்தக் குழாயை அழுத்துமாம், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் ரத்தம் தடையில்லாமல் போகுமாம். ஒரு மடித்த துணியில் தாய்க்கும் பிள்ளைக்கும் இடம் செய்துகொடுத்துவிட்டு, ஊசியைக் கையில் எடுத்தார். என்னைக் காலடியில் நிற்க அனுமதித்தார்கள். நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். வெடிப்பெல்லாம் மண் ஏறியிருந்த பாதம். ஊசி ஏறியபோது கட்டைவிரல் ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தது. அவ்வளவுதான் அவள் காட்டிய வலி.

சீழ் வடிந்தது. வாய் மெல்லத் திறந்தது. டாக்டர் இடுக்கியைப் பிடித்து அசைத்து அசைத்து, கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பதுபோல் பொறுமையாக வேலை செய்தார். நெற்றியில் வியர்வை கோத்துக்கொண்டது. அப்புறம் ஒரு சின்னச் சத்தத்தோடு, எஃகுத் தட்டில் பல் விழுந்தது.

நான் குனிந்து பார்த்தேன். மேலே ஒன்றுமில்லை, ஒரு கருத்த ஓடுதான். கீழே முழுதாக இரண்டு கால்கள். பின்னங்கால் நுனியில் லேசாக வளைந்திருந்தது. திரையில் நான் கறுப்பு வெள்ளையில் பார்த்த அதே கால், அதே வளைவு. எந்தத் தலைமுறையில் யாருடைய தாடையில் தொடங்கிய வளைவோ! இரண்டு தகப்பன்கள், இரண்டு வீடுகள், இரண்டு வாய்கள் தாண்டி ஒரு பிசிறும் மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்று என் வாயில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறது. ஒன்று தட்டில் ரத்தத்தோடு கிடக்கிறது. என் வயிற்றிலும் அவள் வயிற்றிலும் இருக்கிற பிள்ளைகளின் ஈறுகளுக்குள் இன்னும் இரண்டு வந்துகொண்டிருக்குமோ என்று நினைத்ததும் தலை சுற்றி, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"யாருக்குப் பல்லு புடுங்குனது?" என்றாள் அவள், பஞ்சைக் கடித்துக்கொண்டு, குழறலாக. டாக்டர் சிரித்துவிட்டார்.

வண்டிக்கு வந்தபோது, ஆறிய மெத்தென்ற சாப்பாடு கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன நேரம் வந்திருந்தது. அம்மா தூக்குச் சட்டியைத் திறந்து குழைந்த தயிர்ச்சோற்றை எடுத்தாள். அவள் வலது பக்கமாக ஒரு வாய் வைத்தாள். பிறகு இன்னொன்று. அதன் பிறகு எங்களையெல்லாம் மறந்துவிட்டாள். அத்தனை நாள் பசியையும் தீர்க்கிற மாதிரிச் சாப்பிட்டாள். சட்டியை வழித்த விரலையும் விடவில்லை. மச்சான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எதிர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாப்பாடு உள்ளே போனதும் பிள்ளை அசைந்தது. புடவைக்கு மேலேயே தெரிந்தது, இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு ஓர் அலை. "பாரு, பாரு" என்றாள். எல்லோரும் பார்த்தோம்.

அவளுடைய எட்டாம் மாதம் முழுக்க நான் தூங்கவில்லை. நான்தானே கூட்டிப்போனேன்? பிடுங்கியது சரிதானா, ஊசி வேறு ஏதாவது செய்திருக்குமா, இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருந்தால் பல்லும் மிஞ்சியிருக்குமா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். தெருவில் யார் ஓடிவந்தாலும் அவள் வீட்டுச் செய்தியோ என்று எழுந்து வாசலுக்குப் போனேன். எட்டாம் மாதம் போனது. ஒன்பதாவதும் போனது. அதற்கிடையில் எனக்குப் பிரசவமாகி மகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளுக்கு டாக்டர் சொன்ன தேதியும் தாண்டியது.

ஊரே அவளைக் கேலி செய்யத் தொடங்கியது. "என்ன, வீடு பிடிச்சுப்போச்சா உள்ள இருக்கிறவனுக்கு? வாடகை கேளு" என்றார்கள். பெரியம்மா வயிற்றைப் பார்த்தே திட்டினாள். அவள் மலை மாதிரி வயிற்றைத் தூக்கிக்கொண்டு, கடலை மிட்டாயை வலது பக்கமாக நொறுக்கிக்கொண்டு, என் ஜன்னலைத் தாண்டித் தினமும் போய்வந்தாள். ஒவ்வொரு நாள் அவள் அப்படிப் போகும்போதும் நான் கையில் பிள்ளையோடு எழுந்து நின்று பார்ப்பேன். தாமதமாகிற ஒவ்வொரு நாளும் எனக்கு ஓர் அதிசயமாக இருந்தது. ஒரு மனுஷியின் உடம்பு, பாதி வாயோடு, அரைச் சோற்றோடு, ஒரு பிள்ளையை இவ்வளவு காலம் உள்ளே வைத்துக் காத்துவிட முடியும் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேனே தவிர, நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு நாள் காலையில் குட்டியானை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. முன்சீட்டில் அவள். முகம் வலியில் சுருங்கி, மறுபடி விரிந்தது. பெரியம்மா பின்னால் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சாடி?" என்றேன்.

"வந்துருச்சு. முத்தி, பழுத்து, அதுவாத்தான் வருது" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ எந்திரிக்காத, பச்சை ஒடம்பு. நான் போயிட்டு வாரேன்."